இழைக்குள் இறங்கும் எபாக்சி: குறைந்த பாகுத்தன்மை ரெசின் உருவாக்கம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேக்யூம் இன்ஃப்யூஷன் (உலர்ந்த துணியைப் பைக்குள் மூடி, வெற்றிடத்தால் ரெசினை உள்ளே இழுப்பது), ஆர்டிஎம் (மூடிய மோல்டுக்குள் அழுத்தத்தோடு ரெசினைச் செலுத்துவது) போன்ற முறைகளில் கண்ணாடி இழை, கார்பன் இழைப் பாகங்கள் செய்பவர்களுக்காகவும், அதற்கான எபாக்சியைத் தாங்களே கலந்து உருவாக்க முனைபவர்களுக்காகவும் எழுதப்பட்டது இது. வேறு எதுவும் குறிப்பிடாத இடங்களில் பாகுத்தன்மை எண்கள் 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. விகிதங்கள் எல்லாம் எடைப்படி. அளவுகோல் சிபிஎஸ், அதாவது சென்டிபாய்ஸ். ஆய்வறிக்கைகளில் வரும் மில்லிபாஸ்கல்-நொடியும் அதே எண்தான்.

குறைந்த பாகுத்தன்மை என்று எதைச் சொல்கிறோம்? எத்தனை சிபிஎஸ் இருந்தால் போதும்?

ரெசினும் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரும் கலந்த பிறகு இருக்கும் பாகுத்தன்மைதான் கணக்கு. இன்ஃப்யூஷனுக்கு 200 முதல் 350 வரை வசதியான இடம். 500-ஐத் தாண்டினால் சிறிய பாகங்களுக்கு மட்டும் சரிப்படும். பம்ப் அழுத்தத்தோடு செலுத்தும் ஆர்டிஎம்மில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தாலும் சமாளிக்கலாம். கையால் பூசும் வேலைக்கு 600–1,000 இருப்பதே நல்லது. அதைவிட மெலிந்தால் செங்குத்துச் சுவரில் நிற்காது.

கண்ணால் அளவு பிடிக்க ஒரு வழி: விளக்கெண்ணெய் 650–700 சிபிஎஸ். கடலை எண்ணெய் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். இன்ஃப்யூஷன் கலவை இந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். டிரம்மில் வரும் சாதாரண எபாக்சியோ 11,000–14,000, நல்ல தேனைவிடக் கெட்டி.

கொஞ்சம் கெட்டியாக இருந்தால் என்ன, பம்பை அதிக நேரம் ஓட்டினால் ஆகாதா?

ஆகாது. துணிக்குள் திரவம் நகர்வது டார்சி விதிப்படி. ஒரு பக்கத்திலிருந்து நேர்கோட்டில் நிரப்பும்போது, நிரம்பும் நேரம் பாகுத்தன்மைக்கு நேர் விகிதத்திலும், தூரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். அழுத்த வித்தியாசமோ ஒரு வளிமண்டலத்துக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது. வேக்யூம் பம்ப் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதுதான் எல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். துணியில் பாதி இடம் காலி, ஊடுருவு திறன் (துணி திரவத்தை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவு) 10-இன் அடுக்கு மைனஸ் 10 சதுர மீட்டர், அழுத்தம் ஒரு பார், தூரம் ஒரு மீட்டர். கலவை 300 சிபிஎஸ் என்றால் நிரம்ப 7,500 நொடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே துணியில் 12,000 சிபிஎஸ் திரவத்தை இழுத்தால் 83 மணி நேரம். எந்த ரெசினும் அதுவரை திரவமாகக் காத்திருக்காது. தூரத்தை 60 செ.மீ. ஆக்கினால் அந்த 300 சிபிஎஸ் கலவை 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே ரெசினை மெலிதாக்கப் பணம் செலவழிக்கும் முன் ரெசின் நுழையும் குழாயான ஃபீட் லைனை இன்னொரு இடத்தில் வைக்க முடியுமா, ரெசினைப் பரப்பும் வலையான ஃப்ளோ மெஷ்ஷை நீட்ட முடியுமா என்று பாருங்கள். பல நேரங்களில் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எந்த அடிப்படை ரெசினில் தொடங்குவது?

பிஸ்ஃபீனால்-ஏ வகை திரவ எபாக்சியில்தான் பெரும்பாலோர் தொடங்குவார்கள். அதன் எபாக்சி சமான எடை (ஒரு மோல் எபாக்சி குழு அடங்கிய கிராம்) 182–192. அது கெட்டியாக இருப்பதற்குக் காரணம், ஒற்றை மூலக்கூறுகளோடு இரண்டு மூன்று சேர்ந்து நீண்ட சங்கிலிகளும் கொஞ்சம் கலந்திருப்பதும், அவற்றிலுள்ள ஹைட்ராக்சில் குழுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும்தான். நீண்டதை நீக்கித் தூய்மைப்படுத்திய ரகத்தில் சமான எடை 172–176-க்கு இறங்கும், பாகுத்தன்மையும் 4,000–6,000-க்கு வந்துவிடும். விலை கூடுதல், அதோடு தூய்மையானது சீக்கிரம் உறையும்.

பிஸ்ஃபீனால்-எஃப் வகை 2,500–4,500. ஏ, எஃப் இரண்டும் கலந்த ரகங்கள் 5,000–8,000 அளவில் இருக்கும், உறைவதும் குறைவு. வெப்பத் தாங்குதிறனை அதிகம் இழக்காமல் மெலிதாக்க வேண்டும் என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். மெலிதாக்கும் திரவமான டைலூயன்ட் அதற்குப் பிறகு.

சைக்ளோஅலிஃபாட்டிக் எபாக்சி 220–450 சிபிஎஸ்தான் என்று பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. அது சாதாரண அமீன் ஹார்டனரோடு சரியாக வினைபுரியாது. அன்ஹைட்ரைடு ஹார்டனருக்கோ, அயனிகளால் வினை நடக்கும் கேட்டயானிக் முறைக்கோ மட்டுமே.

டைலூயன்ட் எது, எத்தனை சதவீதம்?

இதில்தான் பலர் தவறுகிறார்கள். வினைபுரியும் டைலூயன்ட் என்பது தானும் எபாக்சி குழு கொண்ட மெல்லிய திரவம்; கெட்டியாகும்போது வலைப்பின்னலில் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு குழு உள்ளதா, இரண்டு குழு உள்ளதா என்பது எல்லாவற்றையும் மாற்றும்.

ஒற்றைக் குழு வகையில் சி12–சி14 அல்கைல் கிளைசிடில் ஈதர் (6–9 சிபிஎஸ், சமான எடை 280–295), கிரெசில் கிளைசிடில் ஈதர் (5–10 சிபிஎஸ், சமான எடை 175–190) ஆகியவை கடையில் கிடைப்பவை. இவை வேகமாக மெலிதாக்கும். ஆனால் சங்கிலி அந்த இடத்தில் முடிந்துபோகும். தோராயமாக ஒவ்வொரு சதவீதத்துக்கும் கண்ணாடி மாற்ற வெப்பநிலை (கெட்டியான ரெசின் இளகத் தொடங்கும் வெப்பம்) இரண்டு டிகிரி சரியும் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் போட்டால் இருபது டிகிரி போய்விட்டது.

இரட்டைக் குழு வகையில் பியூட்டேன்டையால் டைகிளைசிடில் ஈதர் (12–22 சிபிஎஸ், சமான எடை 120–135), ஹெக்சேன்டையால் டைகிளைசிடில் ஈதர் (15–25 சிபிஎஸ், சமான எடை 140–160). இவை வலையை அறுக்காது, நெகிழ்வு மட்டும் தரும். காற்றாலை இறகுகளுக்கான இன்ஃப்யூஷன் ரெசின்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 15–17 சதவீதம் சேர்த்தால் ரெசின் பக்கம் 800–1,100-க்கு வரும். முதல் ஐந்து சதவீதம் செய்யும் வேலை மிகப் பெரியது. பதினெட்டைத் தாண்டினால் மெலிவது குறைவு, இழப்பது அதிகம். எங்கள் கருத்தில் 18 சதவீதம் ஒரு நல்ல வேலி.

பியூட்டைல் கிளைசிடில் ஈதரைத் தொட வேண்டாம். மலிவு, மிக மெலிது, ஆனால் எளிதில் ஆவியாகும்; வேக்யூமில் காற்று நீக்கும்போதே போகத் தொடங்கிவிடும், கூடவே உங்கள் விகிதமும். தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் மோசமான ரகம் அது. ஃபீனைல் கிளைசிடில் ஈதரைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கும் இடமில்லை.

தின்னரோ அசிட்டோனோ கொஞ்சம் ஊற்றினால் வேலை முடிந்துவிடாதா?

பையைப் போட்டு மூடிய பிறகு அசிட்டோன் எங்கே போகும்? வேக்யூமில் கொதித்துக் குமிழாகும், மீதி உள்ளேயே மாட்டி வலிமையைத் தின்னும். இன்னொரு கேடும் உண்டு: முதன்மை அமீன்களோடு அசிட்டோன் வினைபுரிந்து கீட்டிமினும் நீரும் தரும். ஹார்டனரின் ஒரு பங்கு வேறு பொருளாகிவிடுகிறது. பென்சைல் ஆல்கஹால் தரைப் பூச்சுக்குச் சரி, சுமை தாங்கும் பாகத்துக்குச் சரியல்ல. அது வலையில் சேராமல், அதை இளக்கும் பிளாஸ்டிசைசராகத் தங்கிவிடும்.

ஹார்டனரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹார்டனரும் ஒரு டைலூயன்ட்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சமான எடை 187 உள்ள ரெசின் 100 பங்குக்கு டெட்டா எனப்படும் ட்ரைஎத்திலீன்டெட்ராமின் 13 பங்கு போதும். ஐபிடிஏ எனப்படும் ஐசோஃபோரோன்டையமின் சுமார் 23. பாலிஈதரமீன் டி-230 சுமார் 32. டி-230-இன் பாகுத்தன்மை வெறும் 9 சிபிஎஸ். 32 பங்கு தண்ணீர் மாதிரி திரவம் சேரும்போது கலவை தானாகவே இறங்கும். டெட்டாவின் 13 பங்கு அந்த வேலையைச் செய்யாது. போதாததற்கு அரை மணியில் கட்டியாகும்.

டி-230 தனியாகப் போட்டால் மெதுவாக வினைபுரியும், கண்ணாடி மாற்ற வெப்பநிலை சுமார் 90 டிகிரி. ஐபிடிஏ தனியாக என்றால் முழுக்கக் கியூர் செய்தபின் (வினை முடிந்து இறுகியபின்) 150-ஐ எட்டும், ஆனால் உடையும் தன்மை கூடும். இரண்டையும் கலப்பதே இன்ஃப்யூஷன் ஹார்டனர்களின் வழக்கமான வழி. வேகம் வேண்டுமென்றால் ஐபிடிஏ பங்கு ஏறும், நேரம் வேண்டுமென்றால் டி-230 பங்கு ஏறும்.

அன்ஹைட்ரைடு (மெத்தில் டெட்ராஹைட்ரோ தாலிக் அன்ஹைட்ரைடு) 85–90 பங்கு போகும், அதனால் கலவை நன்றாக மெலியும். ஒரு பங்கு அளவு இமிடசோல் வகை முடுக்கி வேண்டும். அறை வெப்பத்தில் பல மணி நேரம் தாங்கும். ஆனால் 80–100 டிகிரியில் தொடங்கி 130–150 வரை சூடாக்க ஓவன் இல்லாமல் நடக்காது. ஃபிலமென்ட் வைண்டிங் (இழையைச் சுற்றிச் செய்வது), பல்ட்ரூஷன் (இழையை அச்சு வழியே இழுத்துச் செய்வது) செய்பவர்களுக்கு ஏற்றது. டிரம்மைத் திறந்து வைத்தால் ஈரத்தில் அமிலமாகி அடியில் படிகம் இறங்கும்.

கலப்பு விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒரு எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

ரெசின் பக்கம்: பிஸ்ஃபீனால்-ஏ ரெசின் 85 கிராம் (சமான எடை 187), பியூட்டேன்டையால் டைலூயன்ட் 15 கிராம் (சமான எடை 128).
85 ÷ 187 = 0.4545; 15 ÷ 128 = 0.1172. கூட்டினால் 0.5717 சமானம். 100 ÷ 0.5717 = 174.9. இதுவே கலந்த ரெசினின் சமான எடை.

ஹார்டனர் பக்கம்: டி-230 70 கிராம் (அமீன் ஹைட்ரஜன் சமான எடை, அதாவது வினைபுரியும் ஒரு மோல் ஹைட்ரஜன் அடங்கிய கிராம், 60), ஐபிடிஏ 30 கிராம் (42.6).
70 ÷ 60 = 1.1667, 30 ÷ 42.6 = 0.7042. கூட்டினால் 1.8709. 100 ÷ 1.8709 = 53.45.

விகிதம்: 53.45 ÷ 174.9 × 100 = 30.6. அதாவது 100 கிராம் ரெசினுக்கு 30.6 கிராம் ஹார்டனர். 5 கிலோவுக்கு 1.53 கிலோ.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: சராசரி எடுக்கும்போது சமான எடைகளை நேரடியாகக் கூட்டி வகுக்காதீர்கள், சமானங்களைத்தான் கூட்ட வேண்டும். இன்னொன்று, இந்த 30.6 எடைக்கு மட்டும். ரெசினின் அடர்த்தி சுமார் 1.14, ஹார்டனர் 0.94. அளவுக் குடுவையில் ஊற்றினால் 100-க்கு 37 மில்லி வர வேண்டும். 30.6 மில்லி ஊற்றியவர் உண்மையில் 25 பங்கு ஹார்டனர்தான் போட்டிருக்கிறார். ஆறில் ஒரு பங்கு குறைவு. கெட்டியாகத்தான் போகும், தட்டினால் சத்தமும் நன்றாகத்தான் வரும், ஆனால் வெயிலில் வைத்த பாகம் வளையும். ஒரு கிராம் துல்லியத் தராசில் நிறுத்து, பிழையை இரண்டு சதவீதத்துக்குள் வையுங்கள். வேகப்படுத்தவென்று ஹார்டனரைக் கூட்டுவது பாலியஸ்டர் வேலையில் கேட்டலிஸ்ட் கூட்டிய பழக்கம். எபாக்சியில் அது வேகத்தைத் தராது, கெடுதலை மட்டும் தரும்.

டிரம் மாறும்போதெல்லாம் சப்ளையர் சான்றிதழில் உள்ள சமான எடையை எடுத்துக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஐஎஸ்ஓ 3001 முறைப்படி பெர்க்ளோரிக் அமில டைட்ரேஷன் செய்யலாம்.

டைலூயன்ட் இல்லாமல், சூடாக்கியே மெலிதாக்க முடியாதா?

முடியும், அதுதான் மிகச் சுத்தமான வழியும். 12,000 சிபிஎஸ் ரெசின் 40 டிகிரியில் சுமார் 2,000-க்கு இறங்கும். ஹார்டனர் கலந்த 250 சிபிஎஸ் கலவையும் 35 டிகிரியில் கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் பத்து டிகிரி ஏற்றினால் வினை வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மெலிவதால் கிடைத்த லாபத்தைச் சீக்கிரம் கெட்டியாவது தின்றுவிடும். மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் 38 டிகிரியில் வேலை செய்யும் பட்டறையில் ரெசின் அழகாக ஓடும். ஆனால் டேட்டா ஷீட்டில் உள்ள பாட் லைஃப் (கலந்தபின் பயன்படுத்தக்கூடிய நேரம்) அங்கே செல்லாது. அங்கே ஹார்டனரை மெதுவானதாக மாற்றி, காலை ஆறு மணிக்கு இன்ஃப்யூஷன் வைப்பது நல்லது.

மோல்டும் துணியும் சூடாக இருக்க, ரெசின் மட்டும் வாளியில் குளிர்ச்சியாக இருப்பதே சரியான ஏற்பாடு. வாளியைச் சூடாக்குவது தலைகீழ்.

புதிய கலவையை எந்த வரிசையில் சோதிப்பது?

முதலில் மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் ஷெட்டின் வெப்பத்தில் தேவையான பாகுத்தன்மை, நிரம்ப ஆகும் நேரம், பாகம் தாங்க வேண்டிய வெப்பம். இந்த மூன்றும் இல்லாமல் கலக்கத் தொடங்கினால் மெலிதான ஒன்று கிடைக்கும், பயன்படக்கூடியது கிடைக்காது.

பிறகு 100 கிராம் கோப்பைகள். டைலூயன்ட் 8, 12, 16 சதவீதம் என்று மூன்றே மூன்று போதும். கலந்ததும் பாகுத்தன்மை பாருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பவும் பாருங்கள். 600 சிபிஎஸ்ஸை எட்டும் நேரம், நிரம்பும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். இந்தச் சோதனையை 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் கோப்பையை வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கலவை தன் சூட்டிலேயே ஓடி உங்களை ஏமாற்றும்.

தேறியதை வார்த்து, 24 மணி அறை வெப்பம், பிறகு 70–80 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம். டிஎஸ்சி எனப்படும் வெப்ப ஆய்வுக் கருவியில் இரண்டு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் கிடைக்கும் கண்ணாடி மாற்ற வெப்பநிலையும் இரண்டாவதும் அதிகம் விலகினால் கியூர் முடியவில்லை என்று பொருள்.

அதற்கப்புறம்தான் துணி. 30 செ.மீ. சதுரப் பலகை, நான்கு அடுக்கு. குட்டைக் கட்டை வெட்டு வலிமை (ஐஎஸ்ஓ 14130) இதில் மிகப் பயனுள்ள சோதனை; இழையோடு ரெசின் ஒட்டியிருக்கிறதா என்பதை அது மறைக்காமல் சொல்லும். கண்ணாடி இழையென்றால் ஐஎஸ்ஓ 1172 முறையில் எரித்து இழை விகிதத்தையும் பார்த்துவிடுங்கள்.

விஸ்கோமீட்டர் இல்லை. வேறு வழி?

பெயின்ட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஃபோர்டு கப் எண் 4 போதும். கப் நிரப்பி, அடித்துளையைத் திறந்து, ஓட்டம் அறும் நொடியை எண்ணுங்கள். 200 சிபிஎஸ் கலவை 52 நொடி அளவிலும், 300 சிபிஎஸ் கலவை 75 நொடி அளவிலும் காலியாகும் (அடர்த்தி 1.1 என்று கொண்டு). வெப்பமானியை உள்ளே வைத்து எழுதிக்கொள்ளாத அளவீடு எதற்கும் உதவாது: இரண்டு மூன்று டிகிரி மாறினாலே நொடிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். முடிந்ததும் கப்பை உடனே கழுவுங்கள். துளையில் ஒரு படலம் காய்ந்தால் அந்தக் கப் அதோடு போயிற்று.

வாளியில் கலந்து வைத்தது புகைந்தது. ஏன்?

எபாக்சி-அமீன் வினை ஒரு மோல் எபாக்சிக்கு சுமார் 100 கிலோஜூல் வெப்பம் தரும். மேலே சொன்ன கலவையில் கிலோவுக்கு 4.4 மோல், ஆக 440 கிலோஜூல். வெளியே போக வழியில்லை என்றால் கலவையின் வெப்பம் 200 டிகிரிக்கும் மேல் ஏறப் போதுமான சக்தி அது. மெல்லிய பலகையில் மோல்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். வாளியின் நடுவிலோ உறிஞ்ச ஆளில்லை.

முதலில் வாளியின் அடிப்பக்கம் உள்ளங்கைக்கு இதமாகச் சுடும். அது எச்சரிக்கை. கையை எடுக்கத் தோன்றும் அளவு சுட்டால் வேலைக்கு ஆகாது. வெளியே கொண்டுபோய், தட்டையான தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு ஊற்றிப் பரப்புங்கள். புகையை முகர வேண்டாம். பெரிய பாகத்துக்கு மூன்று மூன்று கிலோவாகக் கலந்து ஊற்றிக்கொண்டே போவது நல்லது. தடித்த அடிப்பகுதி, 20 மி.மீ.க்கு மேல் தடித்த பலகை என்றால் கட்டாயம் மெதுவான ஹார்டனர்.

எவ்வளவு கலப்பது?

ஒரு சதுர மீட்டருக்கு 800 கிராம் எடையுள்ள துணி நான்கு அடுக்கு: 3.2 கிலோ கண்ணாடி இழை. எடைப்படி 70 சதவீதம் இழை என்றால் 1.37 கிலோ கலவை, தடிமன் சுமார் 2.4 மி.மீ. அதற்குமேல் ஃப்ளோ மெஷ்ஷும், பிறகு உரித்தெடுக்கும் பீல் பிளை துணியும் குடிப்பது அரைக் கிலோ அளவு. குழாயில் நிற்பது வேறு. பாதியில் ரெசின் தீர்ந்து, ஃபீட் குழாய் காற்றை உறிஞ்சினால் பாகம் கெட்டது.

பலகையில் வெள்ளைத் திட்டுகள், காய்ந்த இழைகள். ரெசின் கெட்டியாக இருந்ததாலா?

சில நேரம் மட்டும். திட்டை உற்றுப் பாருங்கள். கயிறு போன்ற இழைக் கட்டுக்குள்ளே மெல்லிய வெள்ளைக் கோடுகள், கட்டுகளுக்கு இடையே தெளிவு என்றால், ரெசின் இடைவெளியில் வேகமாக ஓடி, கட்டுக்குள் நுழைய நேரம் கிடைக்கவில்லை. ஃபீட் குழாயைக் கிள்ளி வேகத்தைக் குறைக்க வேண்டும். இதற்கு மாறாக, கட்டு முழுதாக நனைந்து இடைவெளிகளில் உருண்டைக் குமிழ்கள் இருந்தால் ஓட்டம் மிக மெதுவாகிவிட்டது, அல்லது பை கசிகிறது. பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்று, அதைச் சுற்றி நல்ல பகுதி என்றால் இரண்டு பக்கமிருந்து வந்த ரெசின் நடுவில் காற்றைச் சிறைபிடித்திருக்கிறது. அது குழாய் அமைப்பின் குறை.

கசிவுச் சோதனையை ஒருபோதும் தாண்டிப்போகாதீர்கள். 20 மில்லிபாருக்குக் கீழே இழுத்து, பம்பை மூடி, கால் மணி நேரத்தில் 5 மில்லிபாருக்கு மேல் ஏறாமல் இருந்தால்தான் ரெசினைத் திறக்கலாம். கலக்கும்போது சேர்ந்த காற்றை 5–10 மில்லிபாரில் பத்து நிமிடம் வைத்து நீக்குங்கள். நுரை பொங்கும், கலவையைப் போல நான்கு மடங்கு கொள்ளும் வாளி வேண்டும்.

சாப்டு ஸ்ட்ராண்ட் மேட் (நறுக்கிய இழை விரிப்பு) எபாக்சியில் கரையவே இல்லை. மெலிதான ரெசின் வாங்க வேண்டுமா?

ரெசினில் குறையில்லை. வழக்கமான மேட்டில் இழைகளைப் பிடித்திருக்கும் பைண்டர், பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்தது. எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. எவ்வளவு மெலிதாக்கினாலும் மேட் விறைப்பாகவே நிற்கும். தைத்த துணி, நெய்த துணி வாங்குங்கள். இழையின் மேற்பூச்சான சைசிங் எபாக்சிக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

அளவுக்கு மீறி மெலிதானால் ஆபத்து உண்டா?

உண்டு. 100 சிபிஎஸ்ஸுக்குக் கீழே போனால் ரெசின் ஓரத்து இடுக்குகளில் பாய்ந்து முன்னாலேயே வேக்யூம் குழாயை எட்டிவிடும். உயரமான செங்குத்துப் பாகத்தில் நிரம்பிய பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்பகுதி காய்ந்து, கீழ்ப்பகுதி தடித்துப் போகும்.

மழைக்காலத்தில் மேற்பரப்பு பிசுபிசுப்பாக, வெள்ளையாக வருகிறது. என்ன செய்வது?

அமீன், காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து கார்பமேட் ஆகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைப் பக்கம் கையால் பூசும் வேலையில் இது சாதாரணம். வெதுவெதுப்பான தண்ணீரும் நைலான் தேய்ப்பானும் கொண்டு கழுவினால் போய்விடும். அசிட்டோன் அதைக் கரைக்காது, தேய்த்துப் பரப்பத்தான் செய்யும். கழுவாமல் மேலே இன்னொரு அடுக்கு ஒட்டினால் அது உரியும்.

இன்ஃப்யூஷனில் மேற்பரப்பு பைக்குள் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. ஆனால் திறந்து கிடந்த ஹார்டனர் கேன் அதைவிடப் பெரிய கவலை. உள்ளே உருவான கார்பமேட், சூடாகும்போது வாயுவை விட்டுக் குமிழ் தரும். கேன் வாயில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அந்த ஹார்டனரை முக்கிய வேலைக்கு எடுக்காதீர்கள். துணியும் ஈரம் குடிக்கும்; முந்தின நாளே 40–50 டிகிரியில் உலர்த்தி வையுங்கள்.

போஸ்ட் கியூர் (கெட்டியான பின் சூடாக்கி முழுமையாக்குவது) கட்டாயமா?

கட்டாயம். அறை வெப்பத்தில் கெட்டியான எபாக்சி பாதியில் நின்றுவிடும்: வலை இறுகி மூலக்கூறுகள் நகர முடியாமல் போகும்போது வினையும் நிற்கிறது. அப்போது கண்ணாடி மாற்ற வெப்பநிலை, கியூர் நடந்த வெப்பத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த பாகம் சித்திரை வெயிலில் 70 டிகிரியைத் தொடும், வளைந்துவிடும். மோல்டிலிருந்து எடுக்காமல், மணிக்கு 10–15 டிகிரி வீதம் ஏற்றி, 70–80-இல் ஐந்தாறு மணி நேரம் வைத்து, மெதுவாக இறக்குங்கள். வேகமாக ஏற்றினால் இன்னும் மென்மையாக இருக்கும் பாகம் தளர்ந்து, துணியின் நெசவு மேற்பரப்பில் அச்சாகத் தெரியும்.

உடையாமல் இருக்க ரப்பரோ நானோ துகளோ சேர்க்கலாமா?

திரவ ரப்பர் பாகுத்தன்மையை ஏற்றிவிடும்; உழைத்து இறக்கியதை அது திருப்பி ஏற்றும். ஓடு போர்த்திய கோர்-ஷெல் ரப்பர் துகள்கள் நூறு நானோமீட்டர் அளவில் நன்கு பிரிந்திருந்தால் சில சதவீதம் வரை தாங்கும். மைக்ரான் அளவு ஃபில்லர்களைத் துணியே வடிகட்டிவிடும்: நுழைவாயிலில் குவியும், மறுமுனைக்கு வெறும் ரெசின் போகும்.

தோலுக்கு என்ன பாதுகாப்பு?

மெலிதாக்க மெலிதாக்க மூலக்கூறு சிறியதாகிறது, சிறியது தோலுக்குள் எளிதாக இறங்குகிறது. இதைச் சும்மா சொல்லவில்லை. எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும். அந்தத் தொழிலாளி இந்த வேலையையே விட வேண்டி வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள், மெல்லிய ரகமானால் ரெசின் பட்டதும் மாற்றுங்கள். லேடெக்ஸ் போதாது. கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும் மட்டுமே. அசிட்டோனால் துடைத்தால் ரெசினைக் கரைத்துத் தோலுக்குள் அனுப்புகிறீர்கள். காய்ந்தது போல் தெரியும் பாகத்தைப் போஸ்ட் கியூருக்கு முன் தேய்த்தால் வரும் தூசியும் அதே தீங்கு செய்யும். அன்ஹைட்ரைடு சூடாக்கும் இடத்தில் புகைபோக்கி கட்டாயம், அது மூச்சுக்குழாயைத் தாக்கும்.

பயன்படுத்திய பாகத்திலிருந்து இழையைத் திரும்ப எடுக்க முடியுமா?

சாதாரண அமீனில் முடியாது. மெல்லிய அமிலத்தில் அறுந்துபோகும் இணைப்புகள் கொண்ட அமீன் ஹார்டனர்கள் இப்போது வந்திருக்கின்றன. காற்றாலை நிறுவனமான சீமென்ஸ் கமேசா 2021-இல் அறிவித்த மறுசுழற்சி இறகு அத்தகைய ரெசினால் ஆனது. 2022-இல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலையில் நிறுவப்பட்டது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஓய்வுபெறும் பழைய இறகுகளுக்கு இது உதவாது. அவை அறுபடாத பழைய ரெசின்களில் வார்க்கப்பட்டவை.

டிரம்மில் ரெசின் வெள்ளையாக, மணல் மாதிரி உறைந்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அது படிகம். தூய பிஸ்ஃபீனால்-ஏ எபாக்சியின் உருகுநிலை 42 டிகிரி அளவில். ஏசி அறையிலோ மலைப் பகுதியிலோ வைத்தால், ஒரு தூசுத் துகளைப் பிடித்துக்கொண்டுகூட உறையத் தொடங்கும். டிரம்மை 50–60 டிகிரியில் முழுவதும் தெளியும் வரை வையுங்கள், நடுநடுவே உருட்டிவிடுங்கள். நேரடி நெருப்பு வேண்டாம். பாதி தெளிந்த நிலையில் மேலிருந்து ஊற்றி எடுத்தால் டைலூயன்ட் அதிகமுள்ள பகுதி முதலில் வந்துவிடும், அடியில் இருப்பதன் சமான எடை மாறிப்போகும். ஒரு குச்சியை அடிவரை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழியும் துளியில் ஒரு பொடிகூடத் தெரியக் கூடாது.